கையெழுத்துப் போட்ட சாம்பிள்

என் தம்பி சித்தார்த் எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு பொம்மை கம்பெனியில் டிசைனர். கிலுகிலுப்பை செய்பவன் அல்ல; கை கால் மடங்கும் வீரர் பொம்மைகள் செய்பவன். ஆறு அங்குல உயரத்தில் பதினாறு மூட்டுகள். உடம்பை எந்த இடத்தில் பிரித்தால் அது மனிதனைப் போல மடங்கும் என்று முடிவு செய்வதுதான் அவன் வேலை. அப்பா கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கியவர். நான் எட்டாவதோடு நின்று, பத்தொன்பது வருடமாகப் பொம்மனஹள்ளி கார்மெண்ட்ஸில் செக்கராக நிற்கிறேன். எங்கள் வீட்டில் உட்கார்ந்து வேலை பார்த்த முதல் ஆள் அவன்தான்.

டிப்ளமா முடித்துச் சேர்ந்த முதல் நான்கு வருடங்கள், மற்றவர்கள் வரைந்த பொம்மைகளுக்கு பூட்ஸும் பெல்ட்டும் ஹெல்மெட்டும் செய்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னை முட்டி போடச் சொல்லிச் சுற்றிச் சுற்றிப் படம் எடுப்பான்.

"அக்கா, அப்பிடியே இரு. ஆடாத."

"கால் மரத்துப் போச்சுடா."

"நீ முட்டி போட்டா குதிகால் மேல தூக்குது. நம்ம பொம்மைக்குத் தூக்க மாட்டேங்குது."

"அப்ப என்னையே டப்பால போட்டு வித்துடு."

ஐந்தாவது வருடம் ஒரு முழுப் பொம்மையை அவனிடம் கொடுத்தார்கள். தீயணைப்பு வீரர். பதினொரு மாதம் உழைத்தான். முட்டி போட்டால் குதிகால் தூக்கியது. கடைசி வாரத்தில் விற்பனைக்காரர்கள், விரித்த கை வேண்டாம், குழாயைப் பிடிக்கிற கை வேண்டும் என்றார்கள். இரண்டே நாளில் மாற்றிக் கொடுத்தான்.

அந்த ஞாயிறு சாம்பிளை வீட்டுக்கு எடுத்து வந்தான். காலில் நூல் கட்டி ஒரு அட்டை தொங்கியது. அதில் அவன் கையெழுத்து, மேலதிகாரி க்ளென்னின் கையெழுத்து, விற்பனைத் தலைவரின் கையெழுத்து.

"ஓகே ஆயிடுச்சுக்கா. நாளைக்கு இத வெச்சு அச்சு வெட்ட ஆரம்பிச்சிடுவாங்க."

சட்டையைப் பார்ப்பதுபோல மேலிருந்து கீழே பார்த்தேன். முகம், தோள், இடுப்பு, முட்டி. பிறகு கை. கையுறை போட்ட கைகள், ஒவ்வொன்றும் புளியங்கொட்டை அளவு. இடது கையில் கட்டைவிரல் முன்பக்கம் இருந்தது. வலது கையில் பின்பக்கம் இருந்தது. என் கைகளைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். இரண்டு கட்டைவிரலும் முன்னால்தான் இருந்தன.

பிறகு அட்டையில் இருந்த கையெழுத்துகளைப் பார்த்தேன்.

எங்கள் ஃப்ளோரில் கையெழுத்துப் போட்ட சாம்பிள் மேசைக்கு மேலே தொங்கும். அதோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் செக்கர் வேலை. சேர்ந்த புதிதில், சாம்பிளிலேயே பாக்கெட் மூடி தலைகீழாகத் தைத்திருக்கிறதே என்று கேட்டேன். சூப்பர்வைசர் ஸ்ரீலக்ஷ்மி மேடம் லைன் முழுவதற்கும் கேட்கிற மாதிரி கத்தினார்: "நீ இன்னா டிசைனரா? சாம்பிள்ல இன்னா கீதோ அதான் கரெக்ட். மூளைய கேட்லயே வெச்சிட்டு உள்ள வா." அன்றிலிருந்து சாம்பிள் சரியா என்று நான் யோசித்ததில்லை.

இந்த அட்டையில் மூன்று கையெழுத்து இருந்தது. ஒன்று என் தம்பியுடையது. குழாயைப் பிடிக்க அப்படித்தான் வேண்டும்போல என்று நினைத்துக்கொண்டு, "சூப்பரா கீதுடா" என்றேன்.

பொம்மை கடைக்கு வந்த மூன்றாம் நாள் யாரோ அதைப் படம் எடுத்து இணையத்தில் போட்டார்கள். இடது கையை நகல் எடுத்து, உள்ளங்கை உடம்பைப் பார்க்கும்படி சுழற்றி வலது பக்கம் வைத்த என் தம்பி, கண்ணாடியில் தெரிவதுபோல அதைத் திருப்ப மறந்திருக்கிறான். வீரருக்கு இரண்டும் இடது கை. ஊரே சிரித்தது. "தீய அணைக்க வந்தாரா, கழுவ வந்தாரா?" என்று ஒருவர் எழுதியிருந்ததை அவனே எனக்குப் படித்துக் காட்டினான். படித்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தான்.

கடைகளிலிருந்து பொம்மையைத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். வேலையை விட்டு அனுப்பவில்லை. டப்பாவுக்குள் பொம்மை ஆடாமல் பிடித்துவைக்கும் பிளாஸ்டிக் தட்டு செய்யும் பிரிவுக்கு மாற்றினார்கள். வேறு மூன்று கம்பெனிகளில் நேர்காணலுக்குப் போனான். மூன்றிலும் முதல் கேள்வி, "அந்த ஃபயர்மேன் நீங்க பண்ணதா?" அதற்குப் பிறகு எங்கும் விண்ணப்பிக்கவில்லை. யாரிடம் போய் அவனுக்காகப் பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. அவன் கம்பெனி கேட்டுக்குள் என்னை விடவும் மாட்டார்கள்.

போன ஞாயிறு, மனதில் வைத்திருக்க முடியாமல் சொன்னேன்.

"சித்து, நீ சாம்பிள் கொண்டாந்தியே, அன்னிக்கே பாத்தேன்டா."

"எத?"

"கைய."

சோற்றில் இருந்த விரல்கள் நின்றன. "பாத்துட்டு?"

"மூணு கையெழுத்து இருந்துச்சு. உன்னோடதும் இருந்துச்சு."

கத்துவான் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் தேவலை.

"பொம்மைய திருப்பி எடுத்தன்னிக்கு, யார் கண்ணுக்குமே தெரியாத தப்பு, வுடுன்னு க்ளென் சொன்னாரு" என்றான் மெதுவாக. "அந்த ஒரு பேச்ச வெச்சுக்கினுதான்கா டெய்லி உள்ள போயிட்டிருந்தேன்."

"நான் செக்கர்டா. அதப் பாக்கறதுதான் என் வேலை."

"என் வேலையும் அதான்கா."

மிச்சச் சோற்றைச் சாப்பிட்டு முடித்தான். இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றான்.