மேடைக்கு மட்டும் ஒரு புத்தகம்

மங்களத்துக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. புலாவ் செபாங் ரயில் நிலையத்துக்கு எதிர்க்கடை மாடியில் பதினெட்டு வருடமாகப் பதிப்பகம் நடத்துகிறவள். பயிற்சி நூல்களை வேனில் ஏற்றி, தோட்டப் பள்ளி ஒவ்வொன்றுக்கும் தானே கொண்டுபோய்ப் போட்டவள். தொண்ணூற்றெட்டில் தலைமையாசிரியர்கள் ஒருவர் பின் ஒருவராக, "சிடியில இருந்தா சொல்லுங்க" என்று கையை விரித்ததும் அவளுக்குத் தூக்கம் போயிற்று. எங்கே பின்தங்கிவிடுவோமோ என்ற பதைப்பு.

அந்தப் பதைப்பில்தான் ஜெயமணியின் சிறுவர் கதையைக் காகிதத்தில் அச்சிடாமல் சிடியாகவே போட்டாள். ஜெயமணி, லூபோக் சீனா பக்கம் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்பவள். அவளுக்கு இதுதான் முதல் புத்தகம். "நம்ம லயத்துப் பிள்ளைங்க படிக்கணும்க்கா, அது போதும்" என்பதைத் தவிர வேறெதுவும் அவள் கேட்கவில்லை. லயத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளில் எதில் கணினி இருந்தது? மங்களத்துக்குத் தெரியாதா என்ன! நன்றாகவே தெரியும்.

வெளியீட்டு விழா வந்ததும் கையைப் பிசைந்தாள். நம் ஊர் வழக்கப்படி ஆளுக்கொரு பண உறையோடு மேடையேறி, நூலை வாங்கி, எழுதியவரோடு படம் எடுத்துக்கொள்ள வேண்டுமே! உள்ளங்கை அகலச் சிடியை நீட்டினால் சிரிக்கமாட்டார்களா? கிடங்கில் கிடந்த எழுதாத பள்ளி நோட்டுகளுக்கு வண்ண அட்டை போட்டு, பின்னட்டையில் சிடியைச் செருகினாள். தோட்டத்திலிருந்து பஸ் பிடித்து வந்த நாற்பது பேரும் வாங்கினார்கள். மேடையில் எவர் பிரித்துப் பார்க்கிறார்?

மறுவாரம் ஜெயமணி மாடியேறி வந்தாள். திட்டப்போகிறாள் என்று மங்களம் முந்திக்கொண்டாள்.

"சிடியப் போட்டா கதை வரும்லா, ஜெயமணி. இனிமே எல்லாம் அதுதான்."

"வரும்க்கா. வெறும் நோட்டத் தூக்கிக்கிட்டு வந்த பிள்ளைங்ககிட்ட, 'இருங்க, எழுதித் தர்றேன்'னு சொல்லிட்டேன்."

பையிலிருந்து அதே வண்ண அட்டை நோட்டுகள் இரண்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். நீல மையில், கோடு தவறாத கையெழுத்தில், முழுக் கதையும் இருந்தது.

"ரெண்டு முடிஞ்சிருச்சு, இன்னும் முப்பத்தெட்டு. உங்களுக்குக் கெட்ட பேரு வந்துறக் கூடாதில்ல? பேனாதான் சீக்கிரம் தீந்து போவுது. ஆபீஸ்ல பழசு கெடந்தா குடுங்கக்கா."

மங்களத்துக்குச் சீ என்றாகிவிட்டது. பேனாவைத் தேடவில்லை. கணினியைத் திறந்தாள், சிடிக்காகத் தட்டச்சு செய்த கதை அப்படியே இருந்தது. அச்சுப்பொறியில் தாளை அடுக்கினாள்.

"யார் யார் வாங்கினாங்க, பேரச் சொல்லு. மொதப் பக்கத்துல போட்டுடலாம்" என்றாள்.

முப்பத்தெட்டாவது பிரதி வெளியே வரும்வரை மங்களம் நாற்காலியைவிட்டு எழவில்லை.