ஆஸ்திரேலியாவுக்கு ஏற்ற உடம்பு

மருத்துவப் பரிசோதனைக்கு வரச் சொல்லி மின்னஞ்சல் வந்த அன்று, என் மனைவி அதை ஒரு தடவை படித்துவிட்டுச் சமைக்கப் போய்விட்டாள். நான் விடிய விடிய படித்தேன். ஆஸ்திரேலியாவில் குடியேற நாங்கள் போட்டிருந்த மனுவில் அவள்தான் முதல் ஆள். இருபது வருடமாக ஆஸ்பத்திரியில் தாதி வேலை செய்பவள். அந்த நாட்டுக்கு வேண்டியது அவள்; நான் அவளோடு சேர்த்துக் கட்டி அனுப்பப்படும் சாமான். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் இயந்திரம் பழுதுபார்க்கிறேன். வயது நாற்பத்தைந்து. என் வயிறு எனக்கு அரை அடி முன்னால் நடக்கும். சாமான் சரியில்லை என்றால் ஆளையும் நிறுத்திவைத்துவிடுவார்கள் என்பது மட்டும் எனக்கு நன்றாகப் புரிந்தது.

படிவத்தில் கேள்விகள் இருந்தன. இதய நோய் உண்டா, வலிப்பு உண்டா, சிறுநீரகக் கோளாறு உண்டா. ஒவ்வொன்றையும் படிக்கும்போதே அந்தந்த இடத்தில் லேசாக வலித்தது.

“மனநலப் பிரச்சினை ஏதாவது இருந்துச்சான்னு கேட்டிருக்கான். என்ன போடறது?” என்றேன்.

“இந்த லெட்டர் வந்ததுக்கு அப்புறம் ஆரம்பிச்சதையும் சேர்த்துக்கணுமான்னு கேட்டுச் சொல்லுங்க,” என்றாள் அவள்.

வீட்டிலேயே ஒரு தாதி இருக்கும்போது நான் யாரிடம் யோசனை கேட்டிருக்க வேண்டும்? நான் கேட்டது எங்கள் தொழிற்சாலைப் பேருந்து ஓட்டும் அண்ணனிடம். அவர் ஆஸ்திரேலியா போனதில்லை. பரிசோதனையும் செய்துகொண்டதில்லை. ஆனால் சந்தேகமே இல்லாமல் பேசுவார். என் மனைவி எதைக் கேட்டாலும் “டெஸ்ட் எடுத்துப் பாத்தாத்தான் தெரியும்” என்பாள். பயந்தவனுக்கு அது பதிலா?

“தம்பி, அவனுங்க ரெண்டே விஷயம்தான் பாப்பானுங்க. சீனி, பிரஷர்,” என்றார் அண்ணன். “காலையில பாகற்காய் ஜூஸ், ஓட்டம். முந்துன நாள் பீட்ரூட் ஜூஸ் மூணு கிளாஸ் அடி லா. பிரஷர் சொல்லாம கொள்ளாம எறங்கிடும்.”

இரண்டு வாரம் நான் வேறு மனிதனாக இருந்தேன். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்குப் போய் கறிக்குழம்பு ஊற்றிய நாசி கண்டார் சோறு ஒரு தட்டு சாப்பிட்டு, அந்த உணவிடம் விடைபெற்றுக்கொண்டேன். மனசு ஆறாமல் மறுநாளும் போய் விடைபெற்றேன். மூன்றாவது முறை விடைபெறப் போனபோது கடைக்காரர், நான் கேட்காமலே குழம்பைக் கொஞ்சம் தாராளமாக ஊற்றினார். அதற்கப்புறம் நிஜமாகவே நிறுத்திவிட்டேன். விடியற்காலையில் எங்கள் பாயான் பாரு அடுக்குமாடிகளைச் சுற்றி ஓடினேன். நாய்கள் முதலில் துரத்தின. நாலாவது நாள், துரத்துவதற்கு லாயக்கில்லாத ஆள் என்று விட்டுவிட்டன.

பரிசோதனைக்கு முந்தைய நாள் மனைவிக்குப் பிற்பகல் வேலை. அவள் கிளம்பியதும் பீட்ரூட்டை அரைத்து மூன்று கிளாஸ் குடித்தேன். அரைத்த இயந்திரத்தையும் மேசையையும் கழுவித் துடைத்து, தோலைப் பொட்டலம் கட்டிக் கீழே கொண்டுபோய்ப் போட்டேன். மறுநாள் காலை, போகிற வழிக்குப் புண்ணியமாக இருக்கட்டும் என்று இன்னும் இரண்டு சுற்று கூடுதலாக ஓடினேன்.

கிளினிக்கில் ஒரு சின்னப் போத்தலைக் கொடுத்துக் கழிவறையைக் காட்டினார்கள். உள்ளே போய்ப் போத்தலை நிரப்பிய பிறகுதான் பார்த்தேன். ரோஸ் சர்பத் மாதிரி இருந்தது. சிறுநீரகம் போய்விட்டது, ஆஸ்திரேலியா போய்விட்டது, இருபது வருடம் உழைத்த என் மனைவியின் கனவும் என்னால் போய்விட்டது என்று அங்கேயே சுவரில் சாய்ந்துகொண்டேன். பீட்ரூட் என்ற சொல் அந்த நேரத்தில் என் ஞாபகத்துக்கு வரவே இல்லை. வெளியே வந்து போத்தலைக் கைக்குட்டையால் மூடி நீட்டினேன். மலாய்க்காரத் தாதி கைக்குட்டையை நீக்கிவிட்டு விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தார். வரிசையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள்.

டாக்டர் ஒரு தமிழ்ப் பெண். முப்பது வயதுகூட இருக்காது.

“அங்கிள், நேத்து என்ன சாப்பிட்டீங்க?”

பக்கத்தில் மனைவி. எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது; கூரையைப் பார்த்தேன்.

“பீட்ரூட்டா?” என்றாள் மனைவி.

“கொஞ்சம்.”

“எவ்வளவு கொஞ்சம்?”

“மூணு கிளாஸ்.”

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு காகிதத்தைப் பார்த்தார். “ரத்தம் இல்ல, சீனி இல்ல. ஆனா புரோட்டீன் காட்டுது. ரொம்ப ஓடுனாலும் இப்படி வரும். இன்னிக்குக் காலையில ஓடுனீங்களா?”

“ஓடினேன்.”

“ஏன் அங்கிள்?”

“உங்களுக்காகத்தான் டாக்டர்.”

ஒரு வாரம் ஓடாமல், ஜூஸ் எதுவும் குடிக்காமல், வழக்கம்போல இருந்துவிட்டு வந்து மறுபடி கொடுக்கச் சொன்னார். ஒரு டாக்டர் என்னைச் சும்மா இருக்கச் சொன்னது அதுதான் முதல் தடவை. மனைவிக்கு வழியெல்லாம் சிரிப்பு. ஓரிடத்தில் ஓட்ட முடியாமல் காடியைச் சாலையோரம் நிறுத்திவிட்டுச் சிரித்தாள்.

அடுத்த வாரம் போனோம். என் போத்தல் நல்ல மஞ்சளாக இருந்தது. முடிவும் சரியாக வந்தது. எழுந்திருக்கப் போனோம்.

“அக்கா, நீங்க கொஞ்சம் உக்காருங்க,” என்றார் டாக்டர். அங்கிளான எனக்கும் அக்காவான அவளுக்கும் ஒரே வயது என்பதை அப்போது சொல்லிக்காட்டலாமா என்று யோசித்தேன். அதற்குள் டாக்டர் திரையைத் திருப்பி, போன வாரம் எடுத்த அவளுடைய எக்ஸ்ரேயைக் காட்டினார். வலது நெஞ்சின் மேல் பக்கம் ஒரு சின்ன நிழல். பழைய காசநோய்த் தழும்பாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். மூன்று நாள் காலையில் சளி கொடுக்க வேண்டும். அதில் கிருமி வளர்கிறதா என்று பார்த்து முடிவு சொல்ல எட்டு வாரம் ஆகும்.

என் மனைவி அமைதியாக நாலு கேள்வி கேட்டாள். எல்லாம் தொழில் தெரிந்தவள் கேட்கிற கேள்விகள். கீழே வந்ததும் காடிச் சாவியைக் கைப்பைக்குள் தேடு தேடென்று தேடினாள். சாவி அவள் கையிலேயே இருந்தது.

நுண்ணோக்கியில் பார்த்த மட்டும் கிருமி இல்லை என்று முதல் வாரமே சொல்லிவிட்டார்கள். அவளும் வேலைக்குப் போய்வந்தாள். ஆனாலும் வீட்டில் தன் தட்டையும் கிளாஸையும் தனியாக எடுத்து வைத்தாள். அதற்குத் தேவையில்லை என்று என்னைவிட அவளுக்கே நன்றாகத் தெரியும். ஒருநாள் வேண்டுமென்றே அவள் கிளாஸில் தண்ணீர் குடித்தேன். கோபமாகப் பிடுங்கிக் கழுவப் போனவள், குழாயைத் திறந்துவிட்டு அப்படியே நின்றாள்.

“பயமா இருக்கா?” என்றேன்.

“இருபது வருஷமா எல்லாருக்கும் ‘ஒன்னும் இல்ல, பயப்படாதீங்க’ன்னு சொல்லிருக்கேன். கேக்கறவங்களுக்கு எவ்வளவு எரிச்சலா இருந்திருக்கும்னு இப்பத்தான் தெரியுது.”

நானும் அதையேதான் சொல்ல வாயைத் திறந்திருந்தேன். மூடிக்கொண்டேன். குழாயை மட்டும் நிறுத்தினேன்.

பேருந்து அண்ணன் இதற்கும் ஒரு மருந்து வைத்திருந்தார். பூண்டும் பாலும். நன்றி சொல்லிவிட்டு இறங்கி நடந்தேன். அதை வீட்டில் சொல்லவில்லை. அந்த எட்டு வாரத்தில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான்.

முடிவு ஒரு செவ்வாய்க்கிழமை காலை பசியாறும் நேரத்தில் தொலைபேசியில் வந்தது. கிருமி எதுவும் வளரவில்லை. எப்போதோ வந்து, அவளுக்கே தெரியாமல் ஆறிப்போன பழைய தழும்பு. எந்த நோயாளியிடமிருந்து எந்த வருடம் வாங்கிவந்தாளோ. “தேங்க் யூ டாக்டர்” என்று நிதானமாகச் சொல்லிப் போனை வைத்தவள், மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். நான் முதுகில் கை வைத்தேன். நெடுநேரம் கையை எடுக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வேலை இடத்துக்கு அழைத்தாள். உடம்பு சரியில்லை, இன்று வர முடியாது என்றாள். இருபது வருடத்தில் அவள் சொல்லி நான் கேட்ட முதல் பொய் அது. போய்ப் படுத்தவள் சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை.

விசா இன்னும் வரவில்லை. கோப்பு பரிசீலனையில் இருக்கிறதாம்.