கை பிடிக்காமல் ஏறணும்

டீசல் புகையும் பச்சை ஏலக்காய் வாசமும் சேர்ந்து வந்தால் இன்றைக்கும் எனக்கு அம்மா ஞாபகம்தான் வரும். போடியில் எங்கள் தெருமுனையில் விடிந்தும் விடியாமலும் வந்து நிற்கிற ஜீப்பில் ஏறி, போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கப் போகிறவள் என் அம்மா. பொழுதுக்கும் செடியடியில் குத்தவைத்து உட்கார்ந்து செய்கிற "சோலி" அது.

ஆள் சேர்க்கும் கங்காணி யாரிடமும் உடம்பைப் பற்றிக் கேட்கமாட்டார். ஜீப்பின் பின்படியில் யார் எப்படி ஏறுகிறார்கள் என்று பார்ப்பார், அவ்வளவுதான். கை பிடிக்காமல் ஏறினவளுக்கு வேலை உண்டு; தடுமாறினவளை "நாளைக்குப் பாப்பம் ஆத்தா" என்று இறக்கிவிடுவார், அந்த நாளை லேசில் வராது. வலது முட்டி வீங்கிய வருஷம் அம்மா வீட்டுக்குள் மரப்பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு ஏறி இறங்கிப் பழகினாள். "வலின்னு வாய்ல வந்துச்சு, சோறு போயிரும்" என்று எனக்கும் சொல்லிவைத்திருந்தாள்.

கெடுத்தவள் நான்தான். ஒன்பது வயதிருக்கும். மழையில் படி நனைந்திருந்த ஒருநாள், பதறிப்போய் "எம்மா, முட்டி வலிக்கும், பாத்து ஏறு" என்று கத்தி அவள் கையைப் பிடித்துவிட்டேன்.

"என்ன ஆத்தா, முடியலையா?" என்றார் கங்காணி.

"யாருண்ணே சொன்னா? இந்தக் கழுத என்னத்தையோ உளறுது. நான் ஏறுறேன், பாருங்க."

"ரெண்டு நா வீட்ல இரு. பெறகு பாப்பம்."

அந்த ரெண்டு நாள் அந்தக் காயெடுப்புக் காலம் முழுக்க நீண்டது. அம்மா என்னை அடிக்கவில்லை, அடித்திருக்கலாம். முந்தின நாள் வரை அதே முட்டியோடு மலையில் உட்கார்ந்து எழுந்தவள், இப்போது தண்ணீர்க் குடத்தைத் தூக்கக்கூட "என்னால ஏலாதுடி" என்று பாயில் சுருண்டாள். நடிப்பில்லை. முடியாதவள் என்று ஒருத்தர் சொன்னதை அவளே நம்பிவிட்டாள். ஜன்னலில்லாத அந்த ஒற்றை அறையில் பாவி நானும் அவளோடு அடைபட்டுக் கிடந்தேன்.

மறுவருஷம் காய் கொள்ளாமல் விளைந்து ஆள் பற்றாதபோது அதே கங்காணி எங்கள் வாசலுக்கே வந்தார். "வெரசா வா ஆத்தா, ஜீப்பு நிக்குது." அன்றைக்கு அவர் படியைப் பார்க்கவே இல்லை. அம்மா கை பிடிக்காமல் ஏறினாள். முட்டி அதே வீக்கத்தோடுதான் இருந்தது.

இப்போது அந்தத் தெருமுனையில் ஜீப்பு நிற்பதில்லை. அம்மாவும் இல்லை. நான் போடியில் ஒரு குடோனில் உட்கார்ந்து வெடித்த ஏலக்காயைப் பொறுக்குகிறேன். ஒரு வருஷமாகக் கண் மங்கல். விரலால் தடவித்தான் பிரிக்கிறேன். போன வாரம் மேற்பார்வை பார்க்கிற பையன், "என்னக்கா, கண்ணு நல்லாத் தெரியுதா?" என்றான்.

"பளிச்சுனு தெரியுது தம்பி."

மதியச் சோறு கொண்டுவந்த என் மகள் பக்கத்தில் நின்றிருந்தாள். அவள் வாயைத் திறக்கப்போனது அந்த மங்கலிலும் எனக்குத் தெரிந்தது. முறைத்தேன். தூக்குவாளியை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.