வாளைக் குஞ்சுக்கு வெளிச்சம் ஆகாது

ஆற்று வாளையைப் போல ஒரு சோம்பேறி கிடையாது. பகல் முழுக்கக் கரையோரப் பொந்திலோ கல்லிடுக்கிலோ கட்டையாகக் கிடக்கும். பொழுது சாய்ந்த பிறகுதான் அதற்குப் பசியே வரும். கண் சின்னது, அதை நம்பி அது பிழைக்கவும் இல்லை. நீண்ட மீசையால் துழாவியே இரையைக் கண்டுபிடித்துவிடும். கண்ணைத் தாண்டிக் கிழிந்த வாய். மெல்லுகிற வேலையெல்லாம் இல்லை, மீனோ தவளையோ வாத்துக்குஞ்சோ, ஒரே விழுங்கு. நான் மீன் பண்ணைக்குத் தீவன மூட்டை ஏற்றிப் போகிறவன். அங்கே தாய்மீன் தொட்டியில் ஆள் நீளத்துக்கு ஒன்று கிடக்கிறது. அதன் பக்கம் நான் போவதே இல்லை.

குஞ்சுகள் அதைவிட மோசம். பொரிந்த சில நாளிலேயே கூடப்பிறந்ததை விழுங்கப் பார்க்கும். இரண்டும் ஒரே அளவென்றால் பாதியில் தொண்டையில் சிக்கி இரண்டும் சாகும். ஒன்று மட்டும் கொஞ்சம் கொழுத்துவிட்டால் போச்சு, தொட்டியையே காலி செய்துவிடும். பண்ணையில் அதற்குத் 'தின்னி' என்று பெயர். தின்னிகளைச் சல்லடை போட்டுப் பிரிப்பதும், அறையை இருட்டாக வைப்பதும்தான் குஞ்சு அறை வேலை. இருட்டில் அவை ஓட்டுத் துண்டுகளுக்கு அடியில் ஒண்டிக் கிடக்கும். வெளிச்சம் பட்டால் சிதறி ஒன்றையொன்று துரத்தும்.

அந்த வேலையைப் பார்ப்பவள் கறாரம்மா. தீவன மூட்டையில் தையல் ஒன்று விட்டிருந்தால்கூட என்னைத் திருப்பி அனுப்பிவிடுவாள், அதனால் வந்த பெயர். அதற்கு முன்னால் சந்தையில் மீன் அரிந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். விரலெல்லாம் வெட்டு, எத்தனை சோப்பு போட்டாலும் போகாத கவிச்சி. "செத்தாலும் அந்தக் கத்திக்கு முன்னால திரும்ப உட்கார மாட்டேன்" என்று என்னிடமே சொல்லியிருக்கிறாள்.

குஞ்சு அறைகள் இரண்டு. ஒன்றில் கறாரம்மா, அடுத்ததில் நெட்டை என்கிற இளையவள். வியாபாரம் படுத்துவிட்டதால் ஒரு ஆள்தான் இனி வேண்டும் என்று முதலாளி முடிவு செய்தார். இந்தத் தடவை யார் தொட்டியில் அதிகம் பிழைக்கிறதோ அவளுக்கு வேலை, மற்றவள் நடையைக் கட்ட வேண்டியதுதான்.

அந்த நேரம் பார்த்துக் கறாரம்மாவுக்குக் காய்ச்சல். நிற்க முடியவில்லை.

"நீ போய்ப் படுக்கா, ரெண்டையும் நானே பாத்துக்கிறேன்" என்றாள் நெட்டை.

"நீ பாத்த வரைக்கும் போதும் தாயே."

அவள் பயம் அவளுக்கு. ஒரு தின்னியைக் கைதவறியதுபோலப் பக்கத்துத் தொட்டியில் விட்டால் கதை முடிந்தது. முன்பு ஒருமுறை அப்படி நடந்ததும் உண்டு. யார் என்று கேட்டதற்கு எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள்.

ஆகவே தன் வீட்டுக்காரரை வரவழைத்தாள். அவர் தையற்காரர், அந்த அறை ஜன்னலுக்கு இரட்டைக் கருப்புத் துணியில் திரை தைத்துக் கொடுத்தவரும் அவர்தான். "யாரையும் உள்ள விடாதீங்க. செத்தது கிடந்தா எடுத்துப் போடுங்க. அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தாள். வெளிச்சம் ஆகாது என்பதைச் சொல்லவில்லை. அது அவளுக்கு மூச்சு விடுகிற மாதிரி, சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றியிருக்காது.

செத்ததை எடுக்க வேண்டுமென்றால் எது செத்தது என்று தெரிய வேண்டாமா? மனிதர் திரையை ஒதுக்கினார். கொஞ்ச நேரத்தில் தொட்டிக்குள் ஒரே ரகளை. ஒன்றின் வாயில் இன்னொன்றின் வால். பதறிப்போய், சட்டைப் பையில் இருந்த நூல் பிடுங்குகிற இடுக்கியை எடுத்து, வாலைப் பிடித்து மெல்ல உருவிவிட்டார். உருவியது இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு மல்லாந்தது. அவர் அதற்குள் அடுத்ததற்குப் போயிருந்தார். சாயங்காலம் வரை எழுந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அட, திரையை மூடித் தொலைத்திருக்கக் கூடாதா மனுஷா! கோபமும் வருகிறது, பாவமாகவும் இருக்கிறது.

கறாரம்மா வந்து பார்த்தாள்.

"ஐயையோ, யாரு திரையத் திறந்தது?"

"நான்தான். ஒண்ணும் தெரியல. ஒண்ணையொண்ணு கடிச்சுக்கிட்டு இருந்துச்சு, பிரிச்சுப் பிரிச்சு விட்டேன்."

அவள் திரையை இழுத்து மூடிவிட்டு ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் காலை நான் மூட்டை இறக்கும்போது முதலாளி வந்தார். இரண்டு தொட்டியையும் அரித்துப் பார்த்தார். நெட்டையின் தொட்டி நிறைய இருந்தது. கறாரம்மாவுடையது ஒரு கைப்பிடி தேறவில்லை. கறாரம்மாவிடமிருந்து சாவியை வாங்கி நெட்டையிடம் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் அவருக்கே மனசு கேட்கவில்லை.

"பக்கத்துலயே வேலை தெரிஞ்சவ இருந்தாளே. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பாத்திருப்பா. போயும் போயும் தையற்காரரையா உட்கார வைப்பே?"

"நான் கேட்டேங்க. அக்காதான் வேணாம்னுச்சு" என்றாள் நெட்டை, தலையைத் தூக்காமல்.

"அவர விட்டா நான் வேற யாரை நம்புவேன்?" என்றாள் கறாரம்மா.

காலையிலிருந்து அங்கேயே நின்று "அவ திரையைப் பத்திச் சொல்லவே இல்லையே" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் நியாயம் கேட்டுக்கொண்டிருந்த தையற்காரர், அதற்குப் பிறகு அதைச் சொல்லவே இல்லை.