இலை நுனியில் பறித்த ஏலக்காய்

எழுபதுகளின் கடைசியில் போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் எடை குமாஸ்தாவாக இருந்தேன். அங்கே ஆங்கிலம் பேசத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதனால்தான் முதலாளி அந்த ஏமன்காரரை என்னிடம் ஒப்படைத்தார். அவர் ஏடனில் பிறந்து, ஏழு வயதில் இங்கிலாந்துக்குப் போனவர். பல வருடம் பிறர் படங்களில் உதவியாளராக இருந்துவிட்டு, முதல்முறையாகத் தன் பெயரில் ஒரு படம் எடுக்க வந்திருந்தார். அவருடைய அம்மா காப்பியில் தட்டிப் போடும் ஏலக்காய் யார் கையிலிருந்து வருகிறது என்பதுதான் படம். அது டெலிவிஷனில் வந்தால்தான் தனக்கு அடுத்த படம் கிடைக்கும் என்று ஜீப்பில் சொல்லிக்கொண்டே வந்தார். நான் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளையும் எண்ணிக்கொண்டே கேட்டேன்.

ஏலச்செடி ஆளைவிட உயரமாக நின்றாலும் காய்ச்சரம் அடியில், மண்ணோடு மண்ணாகத்தான் கிடக்கும். ஈரத்தில் குந்தி, தலையைத் தூருக்குள் விட்டுக் காய் எடுக்க வேண்டும். அட்டை ஏறாமலிருக்க முழங்கால்வரை புகையிலையும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசியிருப்பார்கள். அன்று காய் எடுத்த பதினொரு பெண்களில் ஒருத்தி என் அக்கா. அதை நான் அவரிடம் சொல்லவில்லை. அவள் அந்தக் கோலத்தில் சேற்றில் குந்தியிருப்பதை வெளிநாட்டுக்காரர்கள் பார்ப்பார்களே என்று எனக்குக் கூச்சமாக இருந்தது.

பெண்களைக் கால் கழுவி, நல்ல சேலை கட்டிவரச் சொன்னேன். பாதையோரம் நிற்கவைத்து, ஆளுக்குப் பத்துக் காய் கையில் கொடுத்து, இலை நுனியிலிருந்து பறிப்பதுபோல் செய்யச் சொன்னேன்.

"ஏன்டா தம்பி, அடியில காய்க்கிறத அந்தரத்துலயா எடுக்கச் சொல்ற?" என்றாள் அக்கா.

"பேசாம செய்யி. படம்னா அப்படித்தான்."

"ஒந் தம்பி தென்னந்தோப்புக்குப் போனா தேங்காயத் தோண்டி எடுக்கச் சொல்லுவாரு போல," என்றாள் பக்கத்தில் நின்றவள். பதினொரு பேரும் சிரித்தார்கள்.

என்ன சொல்கிறார்கள் என்று ஏமன்காரர் கேட்டார். படம் எடுப்பதில் சந்தோஷம் என்கிறார்கள் என்றேன். நம்பினார். அந்தச் சிரிப்பையும் எடுத்துக்கொண்டார். பாதையை விட்டு இறங்கப் போனவரை, அட்டை ஏறும் என்று மூன்று தடவை தடுத்தேன்.

எட்டு மாதம் கழித்து அவரிடமிருந்து கடிதம் வந்தது. டெலிவிஷன்காரர்களுக்குப் போட்டுக் காட்டிய அன்று, மலபாரில் ஏலக்காய் வாங்கி விற்ற ஏடன் கிழவர் ஒருவரையும் பெருமையாகக் கூட்டிப்போயிருக்கிறார். இந்தப் பெண்கள் காய் எடுக்கவில்லை, நடிக்கிறார்கள் என்று கிழவர் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். படம் திரும்பி வந்துவிட்டது. 'உங்களுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. ஏன் என்று மட்டும் எழுதுங்கள்' என்று கேட்டிருந்தார்.

நாலு தடவை எழுத உட்கார்ந்தேன். அக்காவைப் பற்றி எழுத வேண்டிய இடம் வந்ததும் நாலு தடவையும் தாளைக் கிழித்தேன். மறுவருடம் அவரே இரண்டு வரி எழுதினார். பழையபடி இன்னொருவர் படத்தில் உதவியாளராகச் சேர்ந்துவிட்டாராம். அதற்கும் பதில் போடவில்லை.

அக்கா மட்டும் விடவில்லை. "அந்தப் படம் எப்படா வரும்? போடியில போட்டா சொல்லு, பதினொரு பேரும் ஜீப்பு பிடிச்சு வந்துர்றோம்," என்றாள்.

வரும் என்றேன். தீபாவளிக்குத் தீபாவளி கேட்டாள். ஆறு தீபாவளிக்கும் அதையே சொன்னேன்.