ஏரிக்குள் ஒரு பூங்கா

எழுபதுகளின் தொடக்கத்தில் என்னை ஓர் அரசு ஆலோசனைக் குழுவில் உறுப்பினராகப் போட்டார்கள். பூங்காக்களையும் காப்பு நிலங்களையும் பற்றி அரசுக்கு யோசனை சொல்லும் குழு. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் ஒரு பெண்கள் பள்ளியின் தலைமை ஆசிரியை நான். குழுவில் மகளிர் பிரதிநிதிக்கென்று ஒரு நாற்காலி காலியாக இருந்ததால் அதில் என்னை உட்கார வைத்தார்கள். யோசனை கேட்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நம்பிப் போனேன். எனக்கு ஒதுக்கியிருந்த வேலை நன்றியுரை என்று முதல் கூட்டத்திலேயே தெரிந்துவிட்டது. மற்றவர்கள் பேசி முடித்ததும் நான் எழுந்து எல்லாருக்கும் நன்றி சொல்ல வேண்டும், போண்டா கொண்டுவந்து வைத்தவர் உட்பட. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் போனேன், ஏனென்றால் எங்கள் குழுவின் கையில் ஓர் ஏரி இருந்தது.

ஒரகடம் போகிற வழியில் இருந்த ஏரி அது. அதன் மேட்டுப் பக்கத்தில் கருவேல மரங்கள் உண்டு. மழைக்காலத்தில் அந்த மரங்கள் தண்ணீருக்குள் நிற்கும், பறவைகள் வந்து கூடு கட்டும். அதனால் அந்தப் பக்கத்தைக் காப்பு நிலம் என்று அறிவித்திருந்தார்கள். ஏரிக்கரைக்குக் கீழே வயல்கள். சம்பாவை மழை பார்த்துக்கொள்ளும். தை மாதம் நடுகிற நவரை நெல்லுக்கு ஏரித் தண்ணீரை விட்டால் வேறு கதி கிடையாது. தையில் ஏரி வறண்டால் நவரை இல்லை. நவரை இல்லாவிட்டால் கரைக்குக் கீழே இருக்கிற ஊரில் அந்த வருஷம் பாதி நாள் அடுப்பு எரியாது.

குழு ஏரியைப் பார்வையிடப் போனது சித்திரை மாதத்தில். மழைக்காலத்தில் போனால் களிமண்ணில் ஜீப் மாட்டிக்கொள்ளுமாம். ஆகவே எப்போதுமே கோடையில்தான் பார்வையிடுவது வழக்கம் என்றார்கள். ஏரி ஏரியாக இருக்கும்போது அந்தக் குழுவில் ஒருவரும் அதைப் பார்த்ததில்லை. அன்று கருவேல மரங்களைச் சுற்றித் தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. தலைவர், பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர், நாலு பக்கமும் பார்த்துவிட்டு, இவ்வளவு நல்ல இடம் சும்மா கிடக்கிறதே, இங்கே ஒரு பூங்கா போடலாம் என்றார். கூட வந்த பொறியாளர் அப்போதே அடிபோட்டு அளக்க ஆரம்பித்துவிட்டார்.

நான் தினமும் பஸ்ஸில் அந்தக் கரையோரமாகப் பள்ளிக்கூடம் போகிறவள். கார்த்திகையில் இந்த இடத்தில் மார்பளவு தண்ணீர் நிற்கும் என்று சொன்னேன். மரத்தில் தண்ணீர் நின்ற கறையையும் காட்டினேன். பொறியாளர் மரத்தைப் பார்க்கவில்லை, கையில் இருந்த வரைபடத்தைப் பார்த்தார். தலைவர் சிரித்தபடியே, அதெல்லாம் நிபுணர்கள் பார்த்துக்கொள்வார்கள், நீங்கள் வெயிலில் நிற்க வேண்டாம் அம்மா, ஜீப்பில் போய் உட்காருங்கள் என்றார். நான் உட்காரப் போகவில்லை.

கரையில் மாட்டை ஓட்டிக்கொண்டு வந்த ஒரு பெண் எங்களைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தாள். அவளுடைய மகள் எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு. அந்த ஊரிலிருந்து அவ்வளவு தூரம் படிக்க வந்த முதல் பெண் அவள்தான். வந்தவள் தலைவரிடம் கேட்டது ஒரே கேள்வி.

"நவரைக்குத் தண்ணி கெடைக்கும் இல்ல சாமி?"

"பூங்கா வேற, ஏரி வேறம்மா. உன் தண்ணி உனக்கு" என்றார் தலைவர்.

அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

ஆவணியில் பூங்கா திறந்தார்கள். சிமெண்டில் இரண்டு மான், ஒரு மயில், சறுக்குமரம், பெஞ்சுகள், சுற்றிக் கம்பி வேலி. பறவைகள் கூடு கட்டும் மரங்களில் பாதியை வெட்டிவிட்டு அந்த இடத்தில் சிமெண்ட் மயிலை நிறுத்தியிருந்தார்கள். காப்பு நிலத்தைக் காக்கிற லட்சணம் அது. திறப்பு விழாவுக்கு நான் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினேன். காய்ச்சல் எதுவும் இல்லை, போனால் வாயை அடக்க முடியாது என்பதுதான் காரணம்.

அந்த வருஷம் ஐப்பசியில் பிடித்த மழை கார்த்திகையிலும் விடவில்லை. ஏரி தன் இடத்துக்கு வந்தது. பெஞ்சுகள் முழுகின, சறுக்குமரத்தின் உச்சி மட்டும் தெரிந்தது, மான்கள் கழுத்தளவு தண்ணீரில் நின்றன. பஸ்ஸில் எல்லாரும் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சிரிப்பு இரண்டு நாள்கூட நிற்கவில்லை. அவசரக் கூட்டம் போட்டார்கள். அரசுச் சொத்து தண்ணீரில் நாசமாகிறது, ஆகவே மதகைத் திறந்து ஏரியின் மட்டத்தைக் குறைக்க வேண்டும் என்பது தீர்மானம். என் காதை என்னால் நம்ப முடியவில்லை. பூங்காவை ஏரிக்குள் கட்டியது நீங்கள், ஏரியா வந்து பூங்காவுக்குள் புகுந்தது என்று கேட்டேன். இப்போது திறந்துவிட்டால் தையில் நவரைக்கு என்ன செய்வார்கள், அந்தப் பெண்ணிடம் உன் தண்ணி உனக்கு என்று சொன்னீர்களே என்றும் கேட்டேன். மார்கழியில் இன்னொரு மழை வரும், ஏரி மறுபடி நிரம்பிவிடும் என்றார் பொறியாளர், மழை அவரிடம் வந்து வாக்குக் கொடுத்ததுபோல. கையைத் தூக்கச் சொன்னார்கள். என் கையைத் தவிர எல்லாக் கைகளும் உயர்ந்தன.

மதகைத் திறந்தார்கள். மான்களின் கால் தெரிகிற வரைக்கும் தண்ணீர் ஓடையில் வீணாக ஓடியது. ஊர்க்காரர்கள் கரையில் நின்று பார்த்தார்கள். மதகடியில் போலீஸ் நின்றது. மார்கழியில் பனி பெய்தது, மழை பெய்யவில்லை. தையில் ஒருவரும் நாற்று நடவில்லை.

மாசியில் அந்தப் பெண் என் அறைக்கு வந்தாள். மகளுக்கு டி.சி. வேண்டும் என்றாள். செங்கல் சூளைக்குப் போகிறார்களாம், குடும்பத்தோடு. பரீட்சைக்கு இரண்டு மாதம்தான் இருக்கிறது, பெண்ணை மட்டுமாவது விட்டுவிட்டுப் போ, விடுதியில் சேர்த்து நான் பார்த்துக்கொள்கிறேன் என்று எவ்வளவோ சொன்னேன்.

"அதுவும் வந்து கல்லு அறுத்தாதான் வூட்ல ஒல கொதிக்கும் டீச்சரம்மா" என்றாள். பிறகு, கோபமே இல்லாமல், "பார்க்குல கல்லு ஒண்ணு வெச்சிக்கீறாங்களே, அதுல உங்க பேரும் போட்டுக்கீதாமே. பொண்ணுதான் படிச்சிச் சொல்லுச்சு" என்றாள்.

அந்தத் தீர்மானத்துக்கு நான் மட்டும் கை தூக்கவில்லை என்று அவளிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் அவளுடைய வயலில் தண்ணீர் பாயுமா? டி.சி.யில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அன்று மாலையே பள்ளித் தோட்டத்துக் கடப்பாரையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். திறப்பு விழாக் கல்வெட்டு பூங்கா வாசலிலேயே இருந்தது. குழு உறுப்பினர்கள் என்று போட்டு, கடைசிப் பெயர் என்னுடையது. காவலாளி ஓடிவந்து, கமிட்டி உத்தரவு இல்லாமல் கல்லைத் தொடக் கூடாது என்றான். நானும் கமிட்டிதான், என் பேரைப் படித்துப் பார்த்துக்கொள், இன்னும் கொஞ்ச நேரத்தில் இருக்காது என்றேன். கை தோலுரியக் குத்தி அந்த ஒரு வரியைச் சிதைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

நவரை போனதைப் பற்றிப் பேச ஒரு கூட்டம் போடுங்கள் என்று நான் எழுதிய கடிதங்களுக்குப் பதில் வந்ததில்லை. கல்வெட்டுக்கு மட்டும் அந்த வாரமே கூட்டம் கூடியது. தலைவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"பேரை அழிச்சிட்டா நீங்க இந்தக் கமிட்டியில இல்லேன்னு ஆயிடுமா?"

"ஆகாது. ஆனா என்கிட்ட எழுத்துக் கத்துக்கிட்ட பொண்ணு அங்க நின்னு என் பேரைப் படிச்சிருக்கா. இன்னொரு தடவை அவ அதைப் படிக்கக் கூடாது" என்றேன்.

நான் ராஜினாமாக் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். நான் வந்த பிறகு, சிதைந்த வரியை அரசுச் செலவில் மறுபடி வெட்டுவது என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்களாம். குத்திய பள்ளம் மறைய வேண்டுமென்று சிற்பி அந்த வரியை மட்டும் ஆழமாக வெட்டியிருக்கிறான். மானும் மயிலும் எப்போதோ உடைந்து போயின. கல் இருக்கிறது. மற்றவர்களின் பெயரெல்லாம் தண்ணீரில் ஊறி ஊறி மங்கிவிட்டது. இப்போது அந்த வழியாகப் போகிறவர்களால் என்னுடைய பெயரை மட்டும்தான் படிக்க முடியும்.