வைக்கோல் மூடிய இரும்பு மயில்

சென்ற வெள்ளிக்கிழமை மணவூர்ப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். ஸ்டேஷனில் வேலை செய்யும் கேங்மேன் ஒருவர் வாசலில் வந்து நின்று தலைப்பாகையை அவிழ்த்தார். "அம்மா, திருத்தணில உங்க பாவா தவறிட்டாருங்க. பாசஞ்சர்ல சொல்லி அனுப்பிச்சாங்க" என்றார்.

என் அக்காவின் கணவர் முனிரத்தினம் மேஸ்திரி அவர்களைத் திருத்தணியில் தெரியாதவர்கள் குறைவு. தெரியாதவர்களும், மலையடிவாரப் பாறையில் இரண்டு ஆள் உயரத்துக்கு நிற்கும் இரும்பு மயிலைப் பார்த்திருப்பார்கள். அதைச் செய்தவர் அவர்.

அவர் ரயில் பணிமனையில் வெல்டராக இருந்தார். எங்கள் தெருவில் எல்லோரும் தறிக்குழியில் கால் விட்டு உட்கார்ந்திருக்க, இவர் மட்டும் நெருப்போடு வேலை செய்தார். அக்காவைக் கட்டிக்கொண்டு வந்த வருடம், கண்ணுக்குப் போடும் கறுப்புக் கண்ணாடி உடைந்திருந்த ஒரு நாளில் அது இல்லாமலே வேலை செய்துவிட்டார். மறுநாள் காலையில் இரண்டு கண்ணும் தெரியவில்லை. மூன்று நாட்கள் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தார். நான்காம் நாள் பார்வை திரும்பியது.

கண் நோய் தீர்ந்தால் எங்கள் பக்கத்தில் வெள்ளியில் கண்மலர் செய்து முருகனுக்குச் சாத்துவார்கள். பாவா, "ரெண்டு கண்ணு போதாது. மயிலுக்கு எத்தினி கண்ணு கீதோ அத்தினியும் செய்வேன்" என்றார்.

பணிமனையின் வெள்ளைக்காரத் துரையிடம் அனுமதி வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் பணிமனையிலேயே துண்டு துண்டாகச் செய்தார். பழைய பாய்லர் தகடு உடலாயிற்று. வண்டிச் சக்கரப் பட்டைகள் கழுத்தாயின. திருவாலங்காட்டிலிருந்து ஒருவர் உடைந்த ஏர்க்கொழுக்களைக் கொண்டுவந்தார். அவை அலகும் நகமுமாயின. தோகையின் கண்களுக்கு வீட்டுக்கு ஒரு பித்தளைப் பொருள் கேட்டார். எங்கள் அம்மா சொம்பு மூடியைக் கொடுத்தார். எல்லாவற்றையும் வட்டமாகத் தட்டி, தேய்த்து, தோகையில் ஆணி வைத்துத் தறைந்தார். பாறையில் நிறுத்திய பிறகு கிருத்திகைதோறும் அதன் காலடியில் கற்பூரம் ஏற்றும் வழக்கம் வந்தது.

யுத்தத்தின்போது, பட்டணத்தில் ஜப்பான்காரன் குண்டு விழப்போகிறது என்று ஜனங்கள் மூட்டை கட்டிய அந்தக் கோடையில், கல்லூரி விடுதியை மூடி எங்களையும் அனுப்பிவிட்டார்கள். எங்கள் குடும்பத்தில் பி.ஏ. வரை போன முதல் ஆள் நான். கடைசிப் பரீட்சை பாக்கி இருந்தது. ரயிலில் வரும்போது ஒவ்வொரு பாலத்திலும் கண்ணை மூடிக்கொண்டேன்.

திருத்தணிச் சத்திரங்களில் இடம் இல்லை. எல்லோர் பேச்சும் ஆகாயத்தைப் பற்றியே இருந்தது. ஒரு காலையில் இருபது முப்பது பேர் எங்கள் வாசலுக்கு வந்தார்கள்.

"யோவ் மேஸ்திரி, உன் மயிலு வெயில்ல தகதகன்னு மின்னிகினு கீது. மேலேர்ந்து பாத்தா சப்பான்காரன் நேரா இங்கதான் போடுவான்" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

"அவன் மெட்ராஸ உட்டுட்டு என் மயிலப் பாக்கவா பெட்ரோல் போட்டுகினு வரப்போறான்?"

"சிரிக்காதய்யா. குண்டு உன் தலைல மட்டுமா உழும்? இடிச்சித் தள்ளு."

பாவாவின் சிரிப்பு நின்றது. "இடிக்க மட்டும் கேக்காதீங்க. வைக்கோலு கட்டி மூடிடறேன்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். அன்று மாலைக்குள் மயில் ஒரு பெரிய வைக்கோல் போராகிவிட்டது.

மூன்றாம் நாள் கிருத்திகை. எனக்குக் குண்டைவிட வேறொரு பயம் பெரிதாக இருந்தது. சாமியின் வாகனத்தைக் கண்ணைக் கட்டி நிறுத்தியிருக்கிறோம். கிருத்திகையன்று கற்பூரமும் இல்லை. என்ன ஆகுமோ என்று பகலெல்லாம் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தேன். விளக்கேற்றக் கூடாது என்று தண்டோரா போட்டிருந்தார்கள். பொழுது சாயும் நேரத்தில் ஒரு கொட்டாங்கச்சியில் கடுகளவு கற்பூரம் வைத்து, முந்தானையில் மறைத்துக்கொண்டு பாறைக்குப் போனேன். ஏற்றினேன். மலையிலிருந்து காற்று இறங்கியது.

வைக்கோல் பிடித்துக்கொண்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. தீ மயிலின் உயரத்தைத் தாண்டி எழுந்தது. "குண்டு உழுந்துட்சி! குண்டு!" என்று ஊரே அலறியது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் எதிர்ப்பக்கம் ஓடினார்கள். தீயை நோக்கி ஓடிவந்தவர் பாவா ஒருவர்தான்.

என்னைப் பார்த்தார். கரி படிந்த என் கையைப் பார்த்தார்.

"பாவா, நான்தான்..."

"தெரியுது. ஊட்டுக்குப் போ, சரசு. கைய கழுவு. உனுக்குப் பரீட்சை கீது."

மறுநாள் ஜில்லாத் தலைமையிடமான சித்தூரிலிருந்து அதிகாரி வந்தார். அவர் தெலுங்கில் கேட்டார். பாவா தமிழிலேயே பதில் சொன்னார். தாம் வெல்டிங் வைத்தபோது பொறி விழுந்துவிட்டது என்றார்.

"மூடி வைத்த மயிலுக்கு என்ன வெல்டிங்?"

"கால் ஆடிச்சிங்க. குண்டு அதிர்ச்சில சாஞ்சிடப்போவுதுன்னு பாத்தேன்."

யாரும் சிரிக்கவில்லை. எதிரிக்கு வெளிச்சம் காட்டினார் என்று பதினொரு நாட்கள் அடைத்து வைத்தார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. சாட்சி இல்லை என்று விட்டுவிட்டார்கள், ஆனால் அவருடைய பணிமனை வேலை போயிற்று. நான் பரீட்சை எழுதித் தேறினேன்.

பிறகு அவர் ஆர்.கே.பேட்டை சாலையில் ஒரு கொட்டகை போட்டு ஏரும் சைக்கிளும் பழுது பார்த்தார். நான் ஒருமுறை, "சொல்லிவிடட்டுமா, பாவா?" என்று கேட்டேன். "சொன்னா உன் வாத்தியாரம்மா வேலை போவும். அப்புறம் நம்ம ரெண்டு பேருக்குமே வேலை இருக்காது. கணக்கு உனுக்குத்தான் நல்லா வருமே, பாத்துக்கோ" என்றார். அந்தப் பேச்சை நான் சௌகரியமாகப் பிடித்துக்கொண்டேன்.

சுதந்திரம் வந்தது. சப்பான்காரன் வரவே இல்லை. ஆனால் பழி போகவில்லை. வெள்ளிக்கிழமை பாடை புறப்பட்டபோது தெருவில் பாதிக் கதவுகள் சாத்தியிருந்தன. எனக்குப் பின்னால் ஒரு குரல், "சப்பானுக்கு வெளிச்சம் காட்டினவரு" என்று மெல்லச் சொன்னது.

அன்று மாலை அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன்.

"ஆறு வருசமா எம்புருசன அப்பிடிப் பேசினாங்க. நீ கேட்டுகினு இருந்தியா?"

"ஆங்" என்றேன்.

"எங்கிட்ட சொல்லி இன்னா? அவங்க கிட்ட சொல்லு. நான் வந்து முன்னால குந்திக்கறேன்."

ஆகவே இன்று, பாவாவின் காரியத்தன்று, வாசகசாலையில், ஊரார் முன் இதை நானே படிக்கிறேன். கூட்டத்தில் நான் பேசியதில்லை. நாளை எனக்கு வேலை இருக்குமா என்று தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது.

மயிலுக்குத் தீ வைத்தவள் நான். முனிரத்தினம் மேஸ்திரி யாருக்கும் வெளிச்சம் காட்டவில்லை. ஓடி வந்து வெறுங்கையால் வைக்கோலைப் பிய்த்தெறிந்து தீயை அணைத்தார். அந்தக் கைகளில் தோல் உரிந்திருந்ததைப் போலீசார் பார்த்தார்கள், ஊர் பார்த்தது, எப்படி என்று யாரும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை அந்தக் கைகளை அக்கா மார்பின்மேல் சேர்த்து வைத்தார். தழும்பு வெளியே தெரியும்படி வைத்தார்.

பாவா, போய் வாருங்கள்.